புஷ்பவள்ளி போடாத ஊசி

ஆர்டன்லீ தோட்டத்தின் மூன்றாவது டிவிஷனில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வதாகக் கிளினிக்கில் பதிவானவர்கள் ஏழு பேர். உண்மையில் போட்டுக்கொண்டவர்களும் ஏழு பேர்தான். ஆனால் இரண்டும் ஒரே ஏழு பேர் அல்ல. பதிவில் புஷ்பவள்ளி இருந்தார், ராக்கம்மா இல்லை. ஊசியை ராக்கம்மா போட்டுக்கொண்டார், புஷ்பவள்ளி போட்டுக்கொள்ளவில்லை.

புஷ்பவள்ளி இதே தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் இருந்தவரை மரம் சீவினார். ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பிறகு, குலையிலிருந்து உதிரும் பழங்களைப் பொறுக்கும் வேலைக்கு மாறினார். கணவர் வீரமுத்து லாரியில் குலை ஏற்றுபவர், காலமாகிவிட்டார். ஒரே மகள் ஜொகூரில் இருக்கிறார். இனிப்பு நீர் இருப்பது நாற்பது வயதுக்கு மேல் தெரிய வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டார்.

பிறகு ஒருமுறை செம்பனை முள் காலில் ஏறிச் சீழ் பிடித்தது. சிரம்பானில் படுக்க வைத்து, புண் ஆறும்வரை இன்சுலின் போட்டார்கள். அது சரியான வைத்தியம். புண் ஆறியது. இன்சுலின் நிற்கவில்லை. புண் ஆறிய செய்தி காலுக்குத் தெரிந்திருந்தது, மருந்துக் கார்டுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதியபடி போட்டுக்கொண்டவர், பழம் பொறுக்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்து எழுப்பினார். மூன்றாம் முறை விழ அவருக்கு விருப்பமில்லை. ஊசியை நிறுத்தினார். மாத்திரை மட்டும் போதுமாக இருந்தது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்கள் என்பது அவர் கருத்து. கிளினிக் மாதந்தோறும் கொடுத்த இன்சுலின் குழாய்கள் குளிர்பெட்டியின் கதவில், நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே இருந்தன.

எதிர்வீட்டில் ராக்கம்மா இருந்தார். புஷ்பவள்ளியைவிட ஏழு வயது இளையவர், மெலிந்த உடம்பு. இருபது வயதிலேயே இனிப்பு நீர் வந்துவிட்டது. மாத்திரை அவரிடம் எடுபடவில்லை. தொடக்கத்திலிருந்தே ஊசிதான். அவரும் இதே லயத்து வீடுகளில் பிறந்தவர். பிறப்பைப் பதிய ரந்தாவ் டவுனுக்குப் போகவேண்டும் என்று அவருடைய அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டேயிருந்து இறந்துபோனார். அதனால் ராக்கம்மாவுக்குப் பிறப்பு சூரா என்னும் பிறப்புப் பத்திரம் இல்லை, அது இல்லாததால் ஐசி என்னும் அடையாள அட்டையும் இல்லை. கணவர் இருந்தவரை தனியார் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்தார். அவர் போனபின் ராக்கம்மா ஊசியின் அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டார். ஒருநாள் மூச்சு வாங்கி, நினைவு தப்பி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிரைக் காப்பாற்றிவிட்டு, சட்டப்படி வெளிநாட்டவருக்கான கட்டணம் போட்டார்கள். அதுவரை ராக்கம்மா போன மிகத் தூரமான இடம், பக்கத்து ஊரான தம்பினைத் தாண்டி உள்ள புலாவ் செபாங் ரயில் நிலையம்.

அவர் வீடு திரும்பிய அன்று புஷ்பவள்ளி தன் குளிர்பெட்டியில் இருந்ததை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். அன்றிலிருந்து இருவருக்குமான ஏற்பாடு இதுதான். புஷ்பவள்ளி வாங்குவார், ராக்கம்மா போட்டுக்கொள்வார். ஊசி போடும் பேனா மட்டும் ஆளுக்கொன்று. ஒருவர் பேனாவை மற்றவர் தொடக்கூடாது என்று, மிஸி என எல்லோரும் கூப்பிடும் நர்ஸ் சொன்னதைப் புஷ்பவள்ளி கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். ஆகவே தம் பேனாவை லாரி ஏறி நசுக்கிவிட்டதாகக் கிளினிக்கில் சொல்லி இன்னொன்று வாங்கினார்.

சில ஆண்டுகளில் இருவருக்கும் பேச்சு நின்றது. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் புஷ்பவள்ளி காய்ச்சிய கூழைக் குடித்துவிட்டு, சிமெண்டுத் தண்ணி போல இருக்கிறது என்று ராக்கம்மா பத்துப் பேர் நடுவில் சொன்னார். அந்தக் கூழை நானும் குடித்தேன். கருத்துச் சொல்ல விரும்பவில்லை. பேச்சுதான் நின்றது, மருந்து நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஐஸ் கட்டியோடு ஒரு பை ராக்கம்மாவின் கேட்டில் தொங்கும். சிறிது நேரத்தில் பை இருக்காது. கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

நான் அந்தத் தோட்டத்தின் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். கார் இருப்பதால் கிளினிக் நாட்களில் நான்கு பேரை ஏற்றிப்போவது வழக்கம். ஊசி விஷயம் எனக்கு மட்டுமல்ல, டிவிஷனில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது டாக்டர் நிரஞ்சனா வந்து சேர்ந்தார்.

நிரஞ்சனா சிரம்பானில் பிறந்தவர். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். இவர் டாக்டருக்குப் படித்துவிட்டு, அதன்மேல் கணையத்தைப் பற்றியே பத்தாண்டுகள் படித்திருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் கோலாலம்பூரில் ஆராய்ச்சிக்கூடம், ஒருநாள் எங்கள் பக்கத்துக் கிளினிக். முதல் தடவை கிளினிக்குக்குப் பக்கத்திலுள்ள கோயில் மண்டபத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் படம் காட்டினார்.

கணையம் வயிற்றுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கிடக்கும் உறுப்பு. அதில் கடலில் தீவு கிடப்பதுபோல் சின்னச் சின்னத் திட்டுகள். அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்தான் இன்சுலின் செய்கிறது. சிலருக்கு அந்தச் செல்கள் முழுக்கச் செத்துவிடுகின்றன. சிலருக்குச் சாகவில்லை, களைத்துப்போய்ச் சும்மா கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே வியாதிதான். யாருக்கு எது என்று கண்டுபிடிப்பதும், களைத்ததை எப்படி எழுப்புவது என்பதும் தம் ஆராய்ச்சி என்றார்.

புஷ்பவள்ளி கையைத் தூக்கினார்.

“ரப்பர் மரத்த ரொம்ப வெட்டுனா பால் நின்னுரும். கொஞ்சம் வெட்டாம விட்டா சில மரம் மறுபடி பால் விடும். சிலது விடாது. அந்த மாதிரியா டாக்டர்?”

“கிட்டத்தட்ட அதே மாதிரிதான் ஆன்டி. எந்த மரம் விடும், எந்த மரம் விடாதுன்னு முன்னமே கண்டுபிடிக்கணும்.”

“எப்புடி?”

நிரஞ்சனா விளக்கினார். உடம்பு தானே இன்சுலின் செய்யும்போது சி-பெப்டைட் என்ற ஒரு துண்டும் கூடவே வெளியாகிறது. ஊசியில் போடும் இன்சுலினில் அந்தத் துண்டு கிடையாது. ஆகவே பசியாறாமல் வந்து, அவர்கள் கொடுக்கும் பாலைக் குடித்து, இரத்தம் கொடுத்தால், அந்தத் துண்டை அளந்து, உள்ளே செல்கள் வேலை செய்கின்றனவா என்று சொல்லிவிடலாம். வேலை செய்தால் ஊசியைக் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தியே விடலாம்.

மண்டபத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊசி நிற்கும் என்றால் யாருக்குத்தான் கசக்கும். புஷ்பவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும்போது காரில் கேட்டார்.

“கிராணி, எனக்கு நிறுத்திட்டா மாசா மாசம் குடுக்கிறதும் நின்னுருமா?”

“நின்னுரும்.”

“எல்லாமேவா?”

“ஊசி வேணாம்னு எழுதுனவங்களுக்கு ஊசிமருந்து எப்புடிக் குடுப்பாங்க?”

“வரமாட்டேன்னு சொல்லிரவா?”

“சொல்லலாம். கட்டாயம் இல்ல. ஆனா வராட்டி, ஏன் வரலன்னு அந்தம்மா வீடு தேடி வந்து கேட்கும் போல இருக்கு.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சுங்கச் சாவடி தாண்டிய பிறகு, “அப்போ சீனி ஏறியிருந்தா நிறுத்த மாட்டாங்க” என்றார். அது கேள்வியல்ல.

எங்கள் தோட்டத்தில் கிளினிக் பத்தியம் என்று ஒன்று உண்டு. இரத்தம் எடுக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே சோற்றைப் பாதியாக்கி, பாகற்காயைச் சாறு பிழிந்து குடித்து, தேத்தண்ணியில் சீனி போடாமல் ஒழுக்கமாக இருப்பார்கள். இரத்தம் கொடுத்து முடித்ததும் நேரே எதிர்க்கடைக்குப் போய் ரொட்டி சானாய்க்குச் சீனி தொட்டுச் சாப்பிடுவார்கள். அந்த மூன்று நாளின் அளவை வைத்துத்தான் பல வருடங்களாக டாக்டர்கள் எங்களுக்கு மருந்து எழுதி வந்திருக்கிறார்கள். புஷ்பவள்ளியும் அதுவரை இந்தப் பத்தியத்தை மீறியதில்லை.

இந்தமுறை மூன்று நாளும் நேரெதிராக நடந்துகொண்டார். காலையில் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி. பத்து மணிக்கு வாழைப்பழப் பலகாரம். மதியம் இரண்டு தட்டுச் சோறு. சாயங்காலம் பாசாரில் வாங்கிய தேங்காய்ப்பால் அப்பம். இனிப்பில் அவருக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. மருந்து சாப்பிடுவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டதைப் பக்கத்து வீட்டுச் செல்லம் பார்த்திருக்கிறார்.

சோதனை நாளன்று காரில் ஏறியபோது புஷ்பவள்ளியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றி, இறுக்கிக் கட்டிய தே தாரே, ஒரு உறிஞ்சுகுழல்.

“பசியாறாம வரணும்னு சொன்னாங்க” என்றேன்.

“நா பசியாறல. குடிக்கிறேன்.”

பின்னால் உட்கார்ந்திருந்த செல்லம், “என்னக்கா, சாகப் போறியா?” என்றார்.

“நீ ஒன் பாகக்கா ஏப்பத்த அந்தப் பக்கம் திருப்பி விடு. கிராணி, வண்டிய எடுங்க.”

கிளினிக்கில் ஆராய்ச்சிக்கு உதவியாக மாதவி என்ற மிஸி இருந்தார். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, கருவியை இரண்டாம் முறை தேய்த்துத் துடைத்து மறுபடியும் குத்தினார். மில்லிமோல் கணக்கில் பதினேழு காட்டியது. மற்றவர்களுக்கெல்லாம் ஏழு, எட்டு.

“ஆன்டி, எதுவும் சாப்பிட்டீங்களா?”

“இல்லம்மா. இதான் என் ஒடம்பு. ஊசி இல்லாட்டி நா இல்ல.”

மாதவி நிரஞ்சனாவைக் கூப்பிட்டார். நிரஞ்சனா வந்து பார்த்தார், உறிஞ்சுகுழல் இன்னும் கைப்பையில் நீட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். அதையும் குறித்துக்கொண்டு, இரத்தம் எடுக்கச் சொன்னார். பாலைக் குடிக்க வைத்து மறுபடியும் எடுத்தார்கள். வீடு திரும்பும்போது புஷ்பவள்ளி திருப்தியாக இருந்தார். பதினேழுக்கு மேல் ஒரு டாக்டர் என்ன கேட்க முடியும் என்று செல்லத்திடம் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. புஷ்பவள்ளி தனியாக உள்ளே போகப் பயந்து என்னையும் கூட்டிப்போனார். ஆகவே அந்த அறையில் நடந்ததை நானே கேட்டேன்.

நிரஞ்சனா சந்தோஷமாக இருந்தார்.

“ஆன்டி, உங்க செல்லு நல்லா வேல செய்யுது. நான் பாத்த ஊசிக்காரங்கள்ல உங்களுக்குத்தான் ஆக அதிகம்.”

“சீனி பதினேழு இருந்துச்சே டாக்டர்.”

“அதனாலதான் தெரிஞ்சுது. சீனி ஏறினாத்தான் பீட்டா செல்லுக்கு வேல. ஏறலன்னா அது சும்மா இருக்கும், செத்துச்சா தூங்குதான்னு நான் ரெண்டாவது தடவ கூப்பிட்டுப் பாக்கணும். நீங்க தே தாரே குடிச்சு எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்க.”

புஷ்பவள்ளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கணையத்தின் படத்தைப் பார்த்தேன்.

“ஒரு சந்தேகம்” என்றார் நிரஞ்சனா. “கார்டுல ஒரு நாளைக்கு முப்பத்தாறு யூனிட் இருக்கு. இந்தச் செல்லும் இப்புடி வேல செஞ்சு, மேல முப்பத்தாறும் போட்டா, நீங்க வாரத்துல பாதி நாள் மயங்கிக் கிடக்கணும். வயித்தக் காட்டுங்க.”

திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பல வருடம் ஊசி போட்ட வயிற்றில் தழும்பும் கட்டியும் இருக்கும். புஷ்பவள்ளியின் வயிற்றில் ஒன்றும் இல்லை.

“ஊசிய யாருக்குக் குடுக்கிறீங்க?”

“யாருக்கும் இல்ல. முருங்க மரத்துக்கு ஊத்துறேன்.”

“மரத்துக்கா?”

“ஆமா.”

“மரம் எப்புடி இருக்கு?”

“நல்லா காய்க்குது.”

நிரஞ்சனா சிரிக்கவில்லை. தேவையில்லாதவருக்கு இன்சுலின் எழுதுவது தம்மால் முடியாது என்றார். தம் கையெழுத்தில் வெளியே போகும் மருந்து எந்த உடம்புக்குள் போகிறது என்று தெரியாமல் எழுதுவது அதைவிடத் தவறு என்றார். அன்றோடு ஊசி நின்றது. மாத்திரை தொடர்ந்தது, புதிதாக ஒன்றும் சேர்ந்தது. ஊசி நிறுத்தப்பட்டதற்காக அழுத நோயாளியை மாதவி மிஸி அதற்கு முன் பார்த்ததில்லையாம். அழுதது காரில் ஏறிய பிறகுதான், ஆனால் வழியனுப்ப வந்த அவர் பார்த்துவிட்டார்.

குளிர்பெட்டியில் மாத முடிவு வரைக்குமான மருந்து இருந்தது. அதைப் பையில் போட்டுக் கேட்டில் மாட்டினால் ராக்கம்மாவுக்கு விஷயம் தெரியாது. தெரியாவிட்டால் வேறு வழி பார்க்கவும் மாட்டார். புஷ்பவள்ளி அந்த மருந்தோடு என்னைத் தூதனுப்பினார்.

ராக்கம்மா கதவைப் பாதி திறந்து கேட்டுக்கொண்டார்.

“அந்தம்மா இனிமே அனுப்பலன்னா போவுது. நானா கேட்டேன்?”

“நீ என்ன பண்ணுவ?”

“முன்ன என்ன பண்ணுனேன்?”

முன்பு பண்ணியது அளவைக் குறைத்ததுதான். இப்போதும் அதையே செய்தார். இருப்பதை நீட்டிப்பதற்காகப் பாதி போட்டார், பிறகு அதிலும் பாதி. சில வாரங்களில் கன்னம் ஒட்டியது. துணி காயப்போட வரும்போது இடுப்பில் ஒரு தண்ணீர் போத்தல், உள்ளே போய் நிரப்பிக்கொண்டு மறுபடியும் வருவார். புஷ்பவள்ளி தன் வீட்டு ஜன்னலிலிருந்து இதைப் பார்த்தபடி, டாக்டர் புதிதாகக் கொடுத்த மாத்திரையை வேளாவேளைக்கு விழுங்கினார். அவருக்குச் சீனி ஆறு. மயங்கி விழுந்த இரண்டு நாளைத் தவிர, அதுவரை இறங்காத அளவு. அதை என்னிடம் ஏதோ கேவலத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதன்பின் வந்த கிளினிக் நாள் அவருடைய முறை இல்லை. ஆனாலும் வந்து, நிரஞ்சனாவின் அறை வாசலில் நின்றார்.

“டாக்டர், அந்த முருங்க மரத்துக்குப் பேரு ராக்கம்மா. வாடுது. கூட்டிட்டு வரட்டா?”

நிரஞ்சனா முழுவதையும் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தபோது முகம் சிவந்தது.

“ஒருத்தர் மருந்த இன்னொருத்தர் போடுறது எவ்வளவு ஆபத்துன்னு தெரியுமா ஆன்டி? செத்திருப்பாங்க.”

“தெரியும். போடாட்டியும் தான்.”

நிரஞ்சனா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நான் போகாம இருக்கேன்” என்றார்.

புஷ்பவள்ளி சாலையைக் கடந்து ராக்கம்மாவின் கேட்டைத் திறந்ததை டிவிஷனில் பாதிப்பேர் பார்த்தார்கள். நான் காரில் என்ஜினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

“கெளம்பு.”

“ஒங்கூட நா பேசல.”

“பேச வேணாம். வண்டில ஏறு. கிளினிக்கு.”

“பொறப்பு சூரா கேப்பாங்க. ஐசி கேப்பாங்க. இல்லன்னா போலீஸ கூப்புடுவாங்க.”

“கூப்புடட்டும்லா. நா பேசிக்கிறேன்.”

“என்னன்னு பேசுவ? கூழு காய்ச்சுன கைன்னா?”

“அந்தக் கூழ நீ ரெண்டு டம்ளர் குடிச்ச. நா பாத்தேன்.”

ராக்கம்மா செருப்பைப் போட்டுக்கொண்டார். வழி முழுக்க ஒருவர் இடது ஜன்னலையும் ஒருவர் வலது ஜன்னலையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ராக்கம்மாவின் இரத்தத்தில் அமிலம் ஏறத் தொடங்கியிருந்தது. நிரஞ்சனா மாதவியை டவுன் மருந்துக்கடைக்கு அனுப்பி இன்சுலின் வாங்கி வரச் செய்து, அந்த அறையிலேயே உட்கார வைத்து, சீனி இறங்கும்வரை பார்த்துக்கொண்டார். பிறகு தம் ஆராய்ச்சித் திட்டத்தின் விதிகளை எடுத்துப் படித்தார். இன்சுலினில் வாழ்பவர், இந்த வட்டாரத்தில் நெடுநாள் வசிப்பவர் என்றுதான் விதி சொன்னது. குடிமகனாக இருக்க வேண்டும் என்று எழுத மறந்திருந்தார்கள். அதில் சேர்பவருக்கு ஆராய்ச்சி முடியும்வரை மருந்தும் உண்டு. செத்துப்போன செல்லையும் களைத்துப்போன செல்லையும் ஒப்பிட்டுப் பார்க்க நிரஞ்சனாவுக்கு ஆள் வேண்டும். ஒரே சாலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கிடைத்தது பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

“ஐசி இல்லாதவங்கள யாராவது அடையாளம் சொல்லணும். நெறைய வருசமா தெரிஞ்ச ஆளு.”

“நா இருக்கேன்” என்றார் புஷ்பவள்ளி.

“எவ்வளவு காலமா தெரியும்?”

“அவ பொறந்ததுலேர்ந்து. வெந்நி வச்சது எங்கம்மா. என்ன வாசல்ல நிக்க வச்சு, ஆம்பளைங்க யாரும் வந்தா நிறுத்துன்னு சொன்னாங்க. எனக்கு ஏழு வயசு. அவ அழுவவே இல்ல, எங்கம்மா தலகீழா தூக்கி ரெண்டு போட்டாங்க. அப்பறந்தான் அழுதா.”

ராக்கம்மா திரும்பினார். “இத எங்கிட்ட சொன்னதே இல்ல.”

“நீ கேக்கல.”

நிரஞ்சனா பேனாவை வைத்துவிட்டார். “பிறப்பு பதிய இதச் சொன்னீங்களா?”

சொல்லவில்லை. அதற்கு முன் ராக்கம்மாவுக்காக இரண்டு முறை விண்ணப்பம் போட்டிருந்தோம். பிறக்கும்போது உடனிருந்தவர் யாராவது சாட்சி சொல்ல வேண்டும் என்று இரண்டு முறையும் கேட்டிருந்தார்கள். மருத்துவச்சி இல்லை, ராக்கம்மாவின் அம்மா இல்லை, புஷ்பவள்ளியின் அம்மாவும் இல்லை. உடனிருந்த எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று நாங்கள் நேர்மையாக எழுதிக் கொடுத்தோம். வாசலில் ஒரு குழந்தை நின்றது வயதானவர்கள் பலருக்குத் தெரியும். ஏழு வயதுக் குழந்தை சாட்சியாகாது என்று தோட்டம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தை இடையில் வளர்ந்து, கல்யாணம் செய்து, விதவையாகி, அறுபதைத் தாண்டிவிட்டது யாருக்கும் உறைக்கவில்லை. புஷ்பவள்ளிக்கும்தான்.

ராக்கம்மாவின் சோதனை முடிவு வந்தபோது அதில் எண்ணே இல்லை. கருவி அளக்கக்கூடியதற்கும் கீழே என்று போட்டிருந்தது. ஒரு செல்கூட மிச்சமில்லை, ஒருநாள்கூட ஊசியை விடக்கூடாது என்று நிரஞ்சனா சொன்னார். பழைய கணக்கை மாற்றி, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரவிலும் என்று எழுதினார். அதோடு, ஆராய்ச்சியில் சேர்ந்த எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளில் புதிதாக ஒன்றையும் சேர்த்தார்: உங்களுக்குக் கொடுக்கும் ஊசியை உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ வேறு யாராவது போட்டுக்கொள்கிறார்களா? கிடைத்த பதில்களைப் பார்த்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று மாதவி சொன்னார்.

“இந்த ஆராய்ச்சி எத்தன வருசம் டாக்டர்?” என்று ராக்கம்மா கேட்டார்.

“இன்னும் மூணு வருசம்.”

“அதுக்கப்பறம்?”

“இன்னொன்னு எழுதிப் போடுவேன். குடுப்பாங்களான்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள உங்களுக்கு ஐசி வந்துட்டா நல்லது.”

ஆகவே மூன்றாம் விண்ணப்பத்துக்காகச் சிரம்பானுக்குப் போனோம். சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரியின் அறை முதல் மாடியில் இருந்தது. அவர் ஒரு சீன முதியவர். மலாயில் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். பிறந்த நேரம் தெரியுமா என்றார்.

“கடிகாரம் இல்ல” என்றார் புஷ்பவள்ளி. “ஆளுங்க ரப்பர் பால் நிறுக்கப் போயிருந்தாங்க. அவ அப்பா அங்கதான் நின்னாரு. நாந்தான் ஓடிப்போய்ப் பொம்பளப்புள்ளன்னு சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“நாளைக்குப் போய்ப் பதியறேன்னாரு.”

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் புஷ்பவள்ளியைப் பார்த்தார். நேரம் என்ற இடத்தில் காலை என்று மட்டும் எழுதினார். அப்பா சொன்னதை எழுதவில்லை. புஷ்பவள்ளி பெருவிரலில் மை தேய்க்கப் போனார். கையெழுத்துப் போடத் தெரியும்தானே என்று ராக்கம்மா கேட்டார். தெரியும், ஆனால் விரல்தான் பொய் சொல்லாது என்று தான் கேள்விப்பட்டதாகப் புஷ்பவள்ளி சொன்னார். கடைசியில் இரண்டும் வைத்தார்.

விண்ணப்பத்தை அன்றே கொடுத்தோம். இதை எழுதும்வரை பதில் இல்லை. முடிவு எப்படி வரும் என்று கவுண்டரில் இருந்தவர் சொல்லவில்லை, அது அவர் வேலையும் அல்ல.

வெளியே வந்தபோது மதியம் ஒரு மணி தாண்டியிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்தோம். ராக்கம்மா மேசைக்குக் கீழே கையை விட்டு, ஊசிப் பேனாவின் முனையைத் திருகினார். பாதியில் நிறுத்தி, பழக்கத்தில், அளவு எண்ணைப் பார்த்தார்.

“முழுசா வையி” என்றார் புஷ்பவள்ளி.

ராக்கம்மா மீதியையும் திருகி, சட்டையைத் தூக்கி, முழு அளவையும் போட்டுக்கொண்டார். பிறகு இலை வந்தது.